மனச்சிதைவும் புலனுணர்வும்: மூளை ஸ்கேன் ஆய்வு ஒன்றில் அண்ணனும் நானும் கலந்துகொண்ட அனுபவம்

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) உள்ள ஒருவரோடு வாழ்கிறவர்களோ, அந்த நோயோடு தாங்களே வாழ்கிறவர்களோ, ஓர் ஆராய்ச்சிக் குழு "கேட்பது, பார்ப்பது பற்றி மூளை ஸ்கேன் ஆய்வு நடத்துகிறோம், வருகிறீர்களா" என்று கூப்பிட்டால் தாராளமாகப் போகலாம். ஆனால் எதற்குப் போகிறோம், என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போக வேண்டும். என் மதிப்பெண், மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி. பகுதிக்கு ஐந்துக்கு ஐந்து, மூளையின் காந்தப்புலத்தை அளக்கும் எம்.ஈ.ஜி.க்கு நாலு, பெரிய காந்தத்தால் மூளையைப் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ.க்கு இரண்டு. எந்த இடம் என்று எழுதப் போவதில்லை. இங்கே நான் சொல்லும் நிறையும் குறையும் இந்த மாதிரி ஆய்வு நடக்கிற எந்த இடத்திலும் எதிர்பார்க்கக் கூடியவைதான்.

ஒரு விஷயத்தை இப்போதே தீர்த்துவிடலாம். "ஸ்கேன் எடுத்தால் இந்த நோய் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடுமா?" என்று என்னிடமே நிறைய பேர் கேட்டிருக்கிறார்கள். தெரியாது. இன்றைய தேதியில் மனச்சிதைவை ஒரு படத்தைப் பார்த்து உறுதி செய்ய முடியாது. மனநல மருத்துவர் உட்கார்ந்து பேசி, அறிகுறிகள் எவ்வளவு காலமாக இருக்கின்றன என்று கேட்டு, வேறு காரணங்களை ஒதுக்கிவிட்டுத்தான் முடிவுக்கு வருகிறார். முதல் முறை அறிகுறி வரும்போது ஸ்கேன் எடுக்கச் சொன்னால், அது பெரும்பாலும் கட்டி, வலிப்பு, தொற்று போன்ற வேறு ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான். ஆய்வுகளில் "நோய் உள்ளவர்களின் மூளையில் இந்த அலை குறைவாக இருக்கிறது" என்று வருவதெல்லாம் ஒரு குழுவின் சராசரியை இன்னொரு குழுவின் சராசரியோடு ஒப்பிட்டுச் சொல்வது. இரண்டு குழுவிலும் நடுவில் நிற்கிறவர்கள் நிறைய பேர், ஒரு ஆளின் அலையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இவர் எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது. யாராவது பணம் வாங்கிக்கொண்டு "மூளை ஸ்கேன் மூலம் மனநோய் கண்டறிகிறோம்" என்றால் கொடுக்காதீர்கள்.

அப்படியானால் ஏன் போனோம்? அண்ணனுக்கு நோய் வந்து பல வருடம் ஆகிறது. யாரும் இல்லாதபோதும் அவருக்குக் கேட்ட குரல்கள் மருந்தில் வெகுவாகக் குறைந்துவிட்டன. ஆனால் ஒரு புகார் மட்டும் மருந்துக்கு முன்னும் இருந்தது, பின்னும் இருக்கிறது. சத்தங்கள் பின்னால் போக மாட்டேன் என்கின்றன. ஃபேன் ஓடுகிற சத்தம், பக்கத்து அறையில் இரண்டு பேர் பேசுவது, ஒரு டம்ளரைக் கீழே வைப்பது, நான் அவரிடம் பேசுவது எல்லாமே ஒரே அளவில், ஒரே நேரத்தில் முன்னால் வந்து நிற்கின்றன என்பார். நமக்கெல்லாம் ஃபேன் சத்தம் கொஞ்ச நேரத்தில் காதிலிருந்தே மறைந்துவிடுகிறது இல்லையா, அவருக்கு அது மறைவதே இல்லை. இதை அவர் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். பாதிப் பேர் இதையும் நோயின் கற்பனை என்று நினைத்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். இந்த ஆய்வுக்கான அழைப்பில் "சத்தங்களை மூளை எப்படி வடிகட்டுகிறது என்று அளக்கிறோம்" என்ற ஒரு வரி இருந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் அண்ணன் சரி என்றார். நோய் இல்லாத உடன்பிறந்தவர்களும் தேவை என்றதால் நானும் சேர்ந்துகொண்டேன்.

ஈ.ஈ.ஜி.யிலிருந்து தொடங்குகிறேன், இருப்பதிலேயே எளிமையானதும் நல்லதும் அதுதான். தலையில் ஒரு தொப்பி மாட்டுகிறார்கள், அதில் வரிசை வரிசையாக எலக்ட்ரோடுகள், ஒவ்வொன்றின் ஓட்டையிலும் ஊசியில்லாத சிரிஞ்சால் ஜெல் வைத்து, முடியை விலக்கி, தோலில் லேசாகத் தேய்க்கிறார்கள். வலி இல்லை, ஜில்லென்று இருக்கும், தயார் செய்யவே நேரம் பிடிக்கும். முடிந்த பிறகு தலை முழுக்கப் பசை, அங்கேயே அலசிக்கொள்ள இடமும் துண்டும் ஷாம்பூவும் வைத்திருந்தார்கள். நீளமான முடி உள்ளவர்கள் போகும் முன் எண்ணெய் வைக்காமல் போங்கள், எண்ணெய் இருந்தால் சிக்னல் சரியாக வராது. 1920களில் ஹான்ஸ் பெர்கர் என்ற ஜெர்மானிய மருத்துவர் மனித மூளையின் மின்னலைகளை முதலில் பதிவு செய்த அதே அடிப்படைதான் இன்றும். மூளைக்குள் எந்த இடம் என்று துல்லியமாகச் சொல்லாது, ஆனால் எந்த மில்லிவிநாடியில் என்ன நடந்தது என்று சொல்லும். கேட்பதை ஆராய அதுதான் முக்கியம்.

முதல் சோதனை இரட்டைச் சொடுக்கு. ஹெட்போனில் டிக் என்று ஒரு சத்தம், அரை விநாடி கழித்து மறுபடி டிக், அப்புறம் சில விநாடி அமைதி, திரும்ப அதே ஜோடி. இப்படியே போய்க்கொண்டிருக்கும். சலிப்புதான், ஆனால் இதற்குள் இருக்கிற விஷயம் பெரியது. முதல் டிக் கேட்டு சுமார் 50 மில்லிவிநாடியில் மூளையில் ஒரு சின்ன அலை எழுகிறது. இரண்டாவது டிக் வரும்போது பெரும்பாலானவர்களுக்கு அந்த அலை நன்றாகச் சுருங்கிவிடுகிறது. "இது இப்போதுதான் கேட்டோம், திரும்பக் கவனிக்க வேண்டியதில்லை" என்று மூளை அடக்கிவிடுகிறது. மனச்சிதைவு உள்ளவர்களில் பலருக்கு இரண்டாவது அலை அந்த அளவு சுருங்குவதில்லை. இதை 1982-ல் கொலராடோவில் ராபர்ட் ஃப்ரீட்மன், லாரன்ஸ் ஆட்லர் குழுவினர் காட்டினார்கள். ஆய்வாளர் இதை அண்ணனிடம் ஒரு தாளில் இரண்டு கோடுகள் வரைந்து விளக்கினார். பெரிய மேடு, சின்ன மேடு. பெரிய மேடு, பெரிய மேடு. அண்ணன் இரண்டாவது படத்தின் மேல் விரலை வைத்து, "இதைத்தான் நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்" என்றார். "உங்களுடையதும் இப்படி இருக்கும் என்று நான் சொல்லவில்லை, ஆனால் நீங்கள் சொல்கிற அனுபவத்தைப் பற்றித்தான் இந்தச் சோதனை" என்று அவரும் நேர்மையாகப் பதில் சொன்னார். நான் கொடுத்த ஐந்து மதிப்பெண்ணில் பாதி இந்த ஒரு பேச்சுக்காகத்தான்.

சோதனைக்கு முன் புகைபிடிக்கக் கூடாது என்றும் சொன்னார்கள். காரணம் கேட்டேன். நிகோடின் இந்த வடிகட்டலைச் சற்று நேரத்துக்குச் சரிசெய்வது போல் காட்டுகிறது, அதனால் அளவு மாறிப்போகும். ஆல்ஃபா-7 எனப்படும் நிகோடினிக் ஏற்பி (நரம்பணுவில் நிகோடின் வந்து ஒட்டும் இடம்) இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது. மனச்சிதைவு உள்ளவர்களிடையே புகைப்பழக்கம் ஏன் இவ்வளவு அதிகம் என்பதற்கு இதையும் ஒரு காரணமாகச் சில ஆராய்ச்சியாளர்கள் முன்வைக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் புகைபிடிப்பது நல்லது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அந்த விளைவு கொஞ்ச நேரம்தான் நிற்கிறது, நுரையீரலுக்கும் இதயத்துக்கும் ஆகும் கேடு நிற்பதில்லை. அந்த ஏற்பியைக் குறிவைத்து மருந்தும் செய்து பார்த்தார்கள், பெரிய சோதனைகளில் எதிர்பார்த்த பலன் வரவில்லை. இன்னொன்று, நோய் இல்லாத நெருங்கிய உறவினர்களில் ஒரு பகுதியினருக்கும் இதே வடிகட்டல் குறைவாக இருக்கிறது. என்னைக் கூப்பிட்டதன் காரணம் அதுதான்.

அடுத்தது மௌனப் படம் பார்க்கிற சோதனை. திரையில் சத்தமில்லாத ஒரு படம் ஓடும், ஹெட்போனில் ஒரே மாதிரி பீப் பீப் என்று வந்துகொண்டே இருக்கும், நடுவில் எப்போதாவது ஒன்று மட்டும் கொஞ்சம் நீளமாகவோ சுருதி மாறியோ வரும். நாம் கவனிக்கவே வேண்டாம், படத்தைப் பார்த்தால் போதும். நாம் கவனிக்காவிட்டாலும் மூளை கவனிக்கிறது, அந்த மாறுபட்ட பீப்புக்கு மட்டும் 150 முதல் 200 மில்லிவிநாடிக்குள் ஒரு தனி அலை வருகிறது. பின்லாந்தின் ரிஸ்டோ நாட்டனென் 1978-ல் விவரித்தது இது. மனச்சிதைவில் இந்த அலை குறைந்திருக்கிறது என்பது உலகின் பல ஆய்வகங்களில் திரும்பத் திரும்பக் கிடைத்த முடிவு. மனநல ஆராய்ச்சியில் இப்படி மறுபடி மறுபடி கிடைக்கிற முடிவுகள் அதிகம் கிடையாது, அதனால் எனக்கு இதன்மேல் தனி மரியாதை. நலமாக இருப்பவர்களுக்குக் கீட்டமின் என்ற மயக்க மருந்தைக் கொடுத்தாலும் இதே அலை குறைகிறது, அதனால் குளூட்டமேட் என்ற வேதிப்பொருளும் அது வேலை செய்யும் என்.எம்.டி.ஏ. ஏற்பியும் இந்த நோயில் சம்பந்தப்பட்டிருக்கலாம் என்ற சந்தேகம் வலுத்தது. நாம் பல வருடமாக இன்னொரு மூளை வேதிப்பொருளான டோபமின், டோபமின் என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இப்போது இருக்கும் பெரும்பாலான மருந்துகள் டோபமின் பக்கம் வேலை செய்து குரல்களைக் குறைக்கின்றன, ஆனால் இந்த அலையைப் பெரிதாக மாற்றுவதில்லை. அண்ணன் விஷயத்தில் குரல் குறைந்தும் சத்தம் பின்னால் போகாமல் இருப்பது எனக்கு அப்போதுதான் கொஞ்சம் பொருள்பட்டது. ஒரு ஆளுக்கு இதை நிரூபணமாகச் சொல்ல முடியாது என்பதும் தெரியும்.

விநாடிக்கு 40 முறை துடிக்கும் சத்தம் ஒன்றும் போட்டார்கள், உறுமல் மாதிரி கேட்கும். மூளை அதே 40 தாளத்தில் சேர்ந்து துடிக்கிறதா என்று பார்ப்பது. நோய் உள்ளவர்களுக்கு இந்தச் சேர்க்கை பலவீனமாக இருப்பதாக 1999 முதல் ஆய்வுகள் வந்திருக்கின்றன. அண்ணனுக்கு இந்தச் சத்தம் அறவே பிடிக்கவில்லை, கையைத் தூக்கினார், உடனே நிறுத்தினார்கள். திட்டவில்லை, "இன்னும் கொஞ்சம்தான்" என்று இழுக்கவும் இல்லை. அந்தப் பகுதியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார்கள்.

பேசும் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. மைக்கில் "ஆ" என்று விட்டு விட்டுச் சொல்ல வேண்டும், பிறகு அதே பதிவை நமக்கே போட்டுக் காட்டுவார்கள். நாமே பேசும்போது நம் குரலுக்கு மூளையின் செவிப் பகுதியில் எழும் அலை சிறியது, அதே குரலை வெளியிலிருந்து கேட்கும்போது பெரியது. பேசப் போகிறோம் என்று மூளை முன்கூட்டியே செவிப் பகுதிக்குத் தகவல் அனுப்பி, வரப்போவது உன் குரல்தான் என்று தயார் செய்துவிடுகிறது. ஜூடித் ஃபோர்டும் டேனியல் மாத்தலனும் மனச்சிதைவில் இந்தத் தயாரிப்பு சரியாக நடப்பதில்லை என்று காட்டினார்கள். தன்னுடைய உள் பேச்சே வெளியிலிருந்து வருவது போல ஏன் தோன்றுகிறது என்பதற்கு இது ஒரு வழியில் விளக்கம் தருகிறது. கிச்சுகிச்சு விஷயமும் இதே கதைதான். தன்னைத் தானே கிச்சுகிச்சு மூட்டிக்கொண்டால் பெரும்பாலானவர்களுக்குச் சிரிப்பு வராது. குரல் கேட்கிற, தன் செயலை வேறு யாரோ செய்விப்பதாக உணர்கிற நோயாளிகளுக்குத் தன் தொடுகையும் பிறர் தொடுகையும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருந்தன என்று சாரா-ஜேன் பிளேக்மோர் குழு 2000-ல் எழுதியது.

பார்வைப் பகுதியில் ஒரு முகமூடியின் உட்புறத்தைக் காட்டும் படங்கள் வந்தன. உட்குழிந்த முகம். நான் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் மூக்கு வெளியே துருத்திக்கொண்டுதான் தெரிந்தது. இடைவேளையில் மேஜை மேல் இருந்த மாதிரி முகமூடியைத் திருப்பி வைத்துக் காட்டினார்கள், அப்போதும் எனக்கு அப்படியேதான். அண்ணன் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மூக்கு உள்ளேதானே போயிருக்கிறது, உனக்குத் தெரியலையா?" என்றார். தெரியலை. அவர் பார்த்ததுதான் சரி. முகம் என்றால் வெளியே புடைத்துத்தான் இருக்கும் என்று என் மூளை முடிவு செய்துவிட்டு, கண் கொடுக்கும் தகவலைத் தள்ளிவிடுகிறது. நோய் உள்ளவர்கள் இந்த மாயத்தில் குறைவாகவே சிக்குகிறார்கள். 2009-ல் டானாய் டீமா குழுவினர் எஃப்.எம்.ஆர்.ஐ. (மூளை வேலை செய்வதைக் காட்டும் எம்.ஆர்.ஐ.) வைத்துப் பார்த்தபோது, நலமாக இருப்பவர்களுக்கு எதிர்பார்ப்புகளைக் கையாளும் பகுதிகளிலிருந்து பார்வைப் பகுதிகளுக்குப் போகும் இணைப்பு இந்தப் படத்தைப் பார்க்கும்போது வலுப்படுகிறது, நோயாளிகளுக்கு அப்படி வலுப்படவில்லை என்று கண்டார்கள். பளிச்சென்ற வடிவங்களுக்கு நடுவில் இருக்கும் மங்கலான வட்டத்தில் கருமைக்கும் வெளுப்புக்கும் உள்ள வேறுபாட்டைச் சரியாகக் கணிப்பதிலும் நோயாளிகள் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள் என்று 2005-ல் ஸ்டீவன் டேக்கின் குழு காட்டியது. சுற்றியிருப்பது அவர்களின் கணிப்பை அவ்வளவாகக் கெடுக்கவில்லை.

அண்ணனுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை நான் வேறு எந்த மருத்துவ இடத்திலும் பார்த்ததில்லை. இத்தனை வருடமாக "நீ பார்ப்பது, கேட்பது நிஜம் இல்லை" என்றே கேட்டுக்கொண்டிருந்தவரிடம், "இதில் நீங்கள் சொன்னதுதான் சரி" என்று ஒருவர் சொல்கிறார். அதன் அருமை வீட்டில் இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் இங்கே ஒரு முடிச்சும் இருக்கிறது, அந்தக் குழு அதை மறைக்கவில்லை. முகமூடியில் எதிர்பார்ப்பு பலவீனமாக இருக்கிறது என்று வருகிறது. ஆனால் ஒரு வெளிச்சத்தையும் ஒரு சத்தத்தையும் சேர்த்துச் சேர்த்துக் காட்டிவிட்டு, பிறகு வெளிச்சத்தை மட்டும் காட்டினால், குரல் கேட்கும் பழக்கம் உள்ளவர்கள் இல்லாத சத்தத்தை அதிகம் கேட்கிறார்கள், அதாவது எதிர்பார்ப்பு மிக வலுவாக இருக்கிறது என்று பவர்ஸ், கார்லெட் குழு 2017-ல் காட்டியது. இரண்டும் எப்படி ஒத்துப்போகும்? மூளையின் வெவ்வேறு அடுக்குகளில் வெவ்வேறு மாதிரியா, நோயின் வெவ்வேறு கட்டத்தில் வெவ்வேறு மாதிரியா என்று இன்னும் விவாதம் நடக்கிறது. இதையெல்லாம் பங்கேற்பாளரிடம் உட்கார்ந்து பேசிய ஆய்வாளருக்கு என் வணக்கம்.

சரி, இப்போது எம்.ஆர்.ஐ. இங்கேதான் எனக்குக் கோபம்.

இயந்திரத்தின்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. காந்தத்தின் வலு 3 டெஸ்லா, பூமியின் காந்தப்புலத்தைப் போல் ஏறத்தாழ 60,000 மடங்கு, கதிர்வீச்சு கிடையாது. உள்ளே போகும் முன் உலோகம் எதுவும் இருக்கிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்பார்கள், எரிச்சல்படாமல் பதில் சொல்லுங்கள், பேஸ்மேக்கர், கிளிப், உள்ளே வைத்த உலோகம் எல்லாம் உயிர் விஷயம். தலையை ஒரு கூண்டுக்குள் வைத்து, இரண்டு பக்கமும் பஞ்சு செருகி, கண்ணுக்கு மேலே கண்ணாடி வைத்துத் திரையைக் காட்டுவார்கள். கையில் ஒரு ரப்பர் பந்து, வேண்டாமென்றால் அமுக்கலாம். அசையக் கூடாது, சில மில்லிமீட்டர் அசைந்தாலே படம் கெட்டுவிடும். எஃப்.எம்.ஆர்.ஐ. நேரடியாக நரம்பின் மின்சாரத்தைப் பார்ப்பதில்லை, வேலை செய்யும் இடத்துக்கு ஆக்சிஜனோடு ரத்தம் கூடுதலாக வருவதைப் பார்க்கிறது. 1990-ல் செய்ஜி ஒகாவா காட்டிய வழி. அந்த ரத்த ஓட்டம் உச்சத்துக்கு வரவே ஐந்தாறு விநாடி ஆகிறது. ஆக, இடம் நன்றாகத் தெரியும், நேரம் மங்கலாகத்தான் தெரியும்.

பெரிய பிரச்சினை சத்தம். காது அடைப்பானும் அதன் மேல் ஹெட்போனும் போட்டும் கடகடவென்று தலைக்கு மேல் தகரத்தை உடைப்பது போல இருக்கிறது. கேட்பதை ஆராய்கிற சோதனையை இந்தச் சத்தத்துக்குள் எப்படி நடத்துவது? அதற்கு ஒரு வழி இருக்கிறது. படமெடுப்பதைச் சில விநாடி நிறுத்தி, அந்த அமைதியில் சத்தத்தைக் கொடுத்து, ரத்த ஓட்டம் மெதுவாக வருவதால் அதற்குப் பிறகு ஒரு படம் எடுப்பார்கள். எங்களுக்கும் அப்படித்தான் செய்தார்கள். இருந்தாலும் சத்தங்கள் பின்னால் போகாத ஒருவருக்கு அந்தக் குழாய்க்குள் படுத்திருப்பது எவ்வளவு கொடுமை என்று முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டாமா? ஈ.ஈ.ஜி. குழு யோசித்தது. அந்த ஸ்கேனர் அறையில் இருந்தவர்கள் யோசிக்கவில்லை.

நடந்தது இது. அண்ணன் உள்ளே படுத்திருக்கிறார். முதல் பகுதி முடிந்து சட்டென்று அமைதி. அந்த அமைதியில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், ஹெட்போனில் ஓர் ஆண் குரல்: "ஆடுகிறீர்கள். ஆடாதீர்கள்." அவ்வளவுதான். பெயர் இல்லை, யார் என்று இல்லை. நான் கட்டுப்பாட்டு அறையில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன், அண்ணனின் கால் விரல்கள் மடங்கியதைப் பார்த்தேன். அடுத்த நொடியே பந்தை அமுக்கிவிட்டார். வெளியே வந்ததும் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அது உனக்கும் கேட்டுச்சா?" என்பதுதான். கேட்டது என்றேன். வார்த்தை வார்த்தையாகத் திருப்பிச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் கை நடுக்கம் நின்றது.

குரல்கள் கேட்கிற நோயை ஆராயக் கூப்பிட்டுவிட்டு, ஆள் தெரியாத, கட்டளையிடுகிற ஒரு குரலைக் காதுக்குள் விடுவதற்கு எந்தச் சாக்கும் கிடையாது. செய்ய வேண்டியது மிகச் சின்னது. ஈ.ஈ.ஜி. அறையில் இருந்த பெண் ஆரம்பத்திலேயே, "நான் ஒவ்வொரு முறை பேசும்போதும் முதலில் என் பெயரைச் சொல்வேன், பேசி முடித்ததும் முடிந்தது என்று சொல்வேன், அது தவிர வேறு எது கேட்டாலும் அது என் குரல் இல்லை" என்று சொல்லி, ஒருமுறை பேசியும் காட்டியிருந்தார். அண்ணனுக்கு அது போதுமாக இருந்தது. அதே கட்டடத்தில், அதே ஆய்வில், இன்னொரு அறையில் இருந்தவருக்கு அந்த வழக்கம் போய்ச் சேரவில்லை. தலைமை ஆய்வாளரிடம் சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். வருத்தம் தெரிவித்தார், இன்டர்காமில் பேசும் முறையை எழுதி அறையில் ஒட்டப் போவதாகச் சொன்னார்.

எம்.ஆர்.ஐ.யின் இரண்டாவது பகுதியில் இன்னொரு வேலையும் இருந்தது, குரல் கேட்கும்போது பட்டனை அழுத்தி, நின்றதும் விட வேண்டும். 1999-ல் தாமஸ் டீர்க்ஸ் குழுவினர் இப்படிச் செய்துதான், வெளியே எந்தச் சத்தமும் இல்லாதபோதும் குரல் கேட்கும் நேரத்தில் முதன்மைச் செவிப் பகுதி வேலை செய்கிறது என்று பார்த்தார்கள். மூன்றே நோயாளிகளை வைத்துச் செய்தது, பிறகு வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது பேச்சை உருவாக்கும் புரோக்கா பகுதி போன்ற வேறு இடங்களும் முன்னுக்கு வந்தன. முக்கியமான ஆய்வு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அண்ணன் இதற்கு மறுத்துவிட்டார். வர வேண்டாம் என்று வருடக்கணக்கில் பழகிக்கொண்டிருக்கிற ஒன்றை வருகிறதா என்று காத்துக்கொண்டு படுத்திருக்க முடியாது என்றார். ஒரு பகுதியை மறுத்தால் மற்றதும் ரத்தாகாது என்று ஒப்புதல் படிவத்திலேயே இருந்தது, அதன்படியே நடந்தார்கள். போகிறவர்கள் இந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

எம்.ஈ.ஜி. பற்றிச் சுருக்கமாக. மூளையின் மின்சாரம் உண்டாக்கும் மிக மிக நுண்ணிய காந்தப்புலத்தை அளக்கிற கருவி, அதனால் காந்தத் தடுப்புச் சுவர் உள்ள அறையில் கனமான கதவுக்குப் பின்னால் உட்கார வேண்டும். தலைக்கு மேல் பெரிய ஹெல்மெட், அதற்குள் சுமார் 300 உணரிகள், அவற்றைக் குளிர்விக்க திரவ ஹீலியம். பெரிய விஷயம் என்னவென்றால் சத்தமே இல்லை. நேரமும் துல்லியம், இடமும் ஈ.ஈ.ஜி.யைவிடத் தெளிவு. கேட்பதை ஆராய இதுதான் சரியான இடம் என்று எனக்குத் தோன்றியது. ஒரு மதிப்பெண்ணைக் குறைத்ததற்குக் காரணம் கதவு. அது மூடும்போது அடைத்துவைத்தது போன்ற உணர்வு வருகிறது, முதலில் திறந்துவைத்து உட்காரப் பழக்கிவிட்டு மூடியிருக்கலாம். உள்ளே கூட ஒருவர் உட்காரலாம் என்று நான் கேட்ட பிறகுதான் சொன்னார்கள்.

முடிவுகள் கையில் கிடைக்குமா என்றால், கிடைக்காது. தனிநபர் அறிக்கை தர மாட்டார்கள், மேலே சொன்ன அதே காரணம்தான். மருத்துவரீதியாகக் கவனிக்க வேண்டிய ஏதாவது தற்செயலாகப் படத்தில் தெரிந்தால் மட்டும் தெரிவிப்பார்கள். அதை யார் சொல்வார்கள், எப்படிச் சொல்வார்கள் என்று முன்பே கேட்டு வையுங்கள். ஒப்புதல் படிவம் எழுதியவிதம் எனக்குப் பிடிக்கவில்லை. பக்கம் பக்கமாகச் சட்ட வாசகம், அண்ணன் பாதியில் நிறுத்திவிட்டார். வாயால் விளக்கியவர் நன்றாக விளக்கினார், அதையே எழுத்திலும் கொடுத்திருக்கலாம். வரவேற்பில் இருந்தவர் அண்ணனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே "அவர் மருந்து சாப்பிடுகிறாரா, அவருக்குப் புரியுமா" என்று என்னைக் கேட்டதும் சரியில்லை. "நானே சொல்கிறேன், என்னைக் கேளுங்கள்" என்று அண்ணனே பதில் சொன்னார். மருந்தை நிறுத்திவிட்டு வரச் சொல்லவில்லை, அது நல்லது. எந்த ஆய்வுக்காகவும் உங்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளை மருந்தைக் கூட நிறுத்தாதீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2022-ல் தந்த கணக்குப்படி இந்த நோயோடு சுமார் 2.4 கோடிப் பேர் வாழ்கிறார்கள், 300 பேருக்கு ஒருவர். குரல்களையும் சந்தேகங்களையும் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள், வெளிச்சம் கூசுவது, சத்தம் அடங்காதது, கூட்டத்தில் ஒருவர் பேச்சை மட்டும் பிரித்துக் கேட்க முடியாமல் போவது பற்றி யாரும் கேட்பதில்லை. இந்த ஆய்வுக்குப் போய்வந்த பிறகு வீட்டில் அண்ணனிடம் முக்கியமாக ஏதாவது பேச வேண்டுமென்றால் டிவியை அணைத்துவிட்டு, ஒருவர் மட்டும் பேசுகிறோம். சாப்பிடும்போது எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவதைக் குறைத்திருக்கிறோம். இதற்கு ஸ்கேன் தேவையில்லைதான், ஆனால் அந்த இரண்டு மேடு படத்தைப் பார்த்த பிறகுதான் வீட்டில் இருப்பவர்கள் ஒத்துக்கொண்டார்கள்.

பதிவு செய்யும் முன் கேட்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். நடுவில் எழுந்து வந்தால் என்ன ஆகும், கூட ஒருவர் அறைக்குள் வரலாமா, எந்தெந்தச் சத்தம் எவ்வளவு உரக்க வரும், அதை முன்பே ஒருமுறை போட்டுக் காட்டுவார்களா, ஹெட்போனில் யார் பேசுவார்கள். கடைசிக் கேள்விக்கு உடனே தெளிவான பதில் வந்தால் அந்தக் குழு இந்த நோயுள்ளவர்களோடு பழகிய குழு என்று வைத்துக்கொள்ளலாம். எங்களை அடுத்த கட்டத்துக்கு மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். அண்ணன் ஈ.ஈ.ஜி.க்கும் எம்.ஈ.ஜி.க்கும் சரி என்று எழுதி அனுப்பிவிட்டார். எம்.ஆர்.ஐ.க்கு எதிரே, இன்டர்காமில் பேசப்போகிறவரை முதலில் நேரில் பார்க்க வேண்டும், அவர் குரலைக் கேட்க வேண்டும், பிறகுதான் படுப்பேன் என்று எழுதியிருக்கிறார்.